வண்ணம் பூசிய ஊரும் வாயடைத்த மொழியும்

கடந்த தைத் திங்களில் என் பழைய மாணவர் ஒருவரின் திருமணத்தின்பொருட்டுப் புதுவைக்குச் சென்றிருந்தேன். கம்பத்தில் பேருந்தேறி, மதுரையில் இறங்கி வேறு பேருந்து பிடித்து, இரவெல்லாம் உறங்காது போய்ச் சேர்ந்தேன். திருமணம் அரை நாளில் முடிந்தது. எஞ்சிய ஒன்றரை நாளும் அவ்வூரைக் காலால் அளந்தேன். அளந்ததற்கு ஒரு கரணியம் உண்டு.

எங்கள் கம்பத்தில் இப்பொழுது ஒரு பேச்சு அடிபடுகின்றது. குமுளிக்கும் தேக்கடிக்கும் செல்லும் வெளியூரார் கம்பத்தின் வழியாகவே செல்கின்றனர், ஒருவரும் இறங்குவதில்லை, அவர்கள் இறங்கித் தங்கும்படி ஊரின் நடுப்பகுதியைப் புதுக்கவேண்டும், பழைமையைத் துலக்கவேண்டும், பண்பாட்டைக் காட்டி நாலு காசு பார்க்கவேண்டும் என்பது அப்பேச்சு. வணிகர் சிலர் சொல்கின்றனர். படித்த இளைஞரும் சொல்கின்றனர். நான் புதுவைக்குப் போவதறிந்த கடைக்காரர் ஒருவர், “ஐயா, அந்த ஊரை எப்படி ஆக்கியிருக்கிறார்கள் என்று நன்றாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள். நம் ஊரையும் அப்படி ஆக்கவேண்டும்” என்றார். பார்த்துக்கொண்டு வந்தேன். அவரிடம் சொன்னவற்றையே தமிழன்பர்களாகிய உங்கள்முன்னும் வைக்கின்றேன்.

புதுவையின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகின்றது. அதற்குக் கிழக்கே கடலையொட்டிப் பிரெஞ்சியர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. கிழக்கை வெள்ளை ஊர் என்றும் மேற்கைக் கறுப்பு ஊர் என்றும் ஆண்டவர்கள் வழங்கினர். அவர்கள் போய் எழுபதாண்டு கடந்துவிட்டது. 1954 நவம்பர் முதல் நாளில் ஆட்சி கைமாறியது. 1962 ஆகத்து 16-இல் இணைப்பு முறைப்படி நிறைவேறியது. கறுப்பு ஊர் என்னும் பெயர் நாணத்தால் வழக்கொழிந்தது. வெள்ளை ஊர் என்னும் பெயரோ ஒழியவில்லை. ஒழியாததோடு, இன்று அங்கு விலைபோகும் பெயரே அதுதான். விடுதிகளின் விளம்பரத்தில் அது. உடுப்பின்மேல் அச்சிட்டு விற்பதும் அது. தமிழன் தன் ஊரின் ஒரு பாதியைத் தோலின் நிறத்தால் அழைத்து, அவ்வழைப்பையே பெருமையென்று பிறர்க்கு விற்கின்றான்!

பொய் சொல்லமாட்டேன். கண்ணுக்கு இனிமையாகவே இருந்தது. மஞ்சள் தீட்டி வெள்ளை விளிம்பு கட்டிய சுவர்கள், உயர்ந்த வாயில்கள், மதில்மேல் படர்ந்து தொங்கும் காகிதப்பூக் கொடிகள், பெருக்கித் துடைத்த தெருக்கள். சுவரைப் பேணத் தெரிந்த ஊர் அது. எம் பக்கத்தில், எழுத்துப் பொறித்த பழங்கல்லைத் துணி துவைக்கப் போட்டுக்கொண்ட வீட்டை நான் அறிவேன்; ஆகையால் சுவரைப் பேணுவாரை இகழ எனக்கு வாய் வராது. ஆனால், நான்கு தெரு நடந்த பின்னரே எதுவோ குறைகின்றது என்று உறைத்தது. நடந்தவழியில் கடைப்பலகை பலவற்றில் தமிழே இல்லை. இருந்தவற்றிலும் தமிழ் ஒரு மூலையில் எறும்பளவாக ஒடுங்கிக் கிடந்தது. பெரிய எழுத்தில் நின்றவை ஆங்கிலமும் பிரெஞ்சும். நகராட்சியின் நீலநிறத் தெருப்பலகைகளில்மட்டும் தமிழ் இருந்தது, அதற்கு நன்றி. ஆயினும் அவற்றில் தமிழெழுத்தாற் படிக்கக் கிடைத்தவை பெரும்பாலும் பிரெஞ்சு ஆளுநர், படைத்தலைவர் பெயர்களே.

வெயில் ஏறியபின் ஓர் உணவுக்கடையில் அமர்ந்தேன். உணவுப்பட்டியில் தமிழ் இல்லை. பணிப்பெண்ணிடம், “அம்மா, குளம்பி ஒன்று” என்றேன். விளங்கவில்லை. வழக்கில் உள்ளவாறே “காப்பி” என்றேன், அது விளங்கிற்று. “என்ன விலை?” என்றேன், அது விளங்கவில்லை. அப்பெண் வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்தவர். எம் ஊர்ப் பெண்களும் ஏலத்தோட்ட வேலைக்கு நாடோறும் மலையேறி அயல்மாநிலம் செல்கின்றவர்களே. ஆகையால் அவர்மேல் எனக்குச் சினமில்லை. என் சினமெல்லாம் கல்லாவில் இருந்த முதலாளிமேல் எழுந்தது. அவர் தமிழர், முகமே சொல்லிற்று. வேட்டி கட்டி, தலை நரைத்து, தமிழில் வினவிய என்னிடம் அவர் ஆங்கிலத்தில் விலை சொன்னார். “தம்பி, உங்களுக்கு எந்த ஊர்?” என்றேன். “இந்த ஊர்தாங்க” என்றார், உடனே தமிழில், சற்று நாணத்தோடு. “பின் ஏன் என்னோடு ஆங்கிலம்?” என்றேன். “பழகிப்போச்சுங்க. தமிழ்ல பேசினா விலையைக் கொறைச்சுக் கேக்கறாங்க” என்றார்.

இந்த ஒரு சொற்றொடரை நான் கம்பம் வரும்வரை அசைபோட்டேன். தமிழில் பேசினால் விலை குறைந்துபோம்! ஊரைப் புதுக்கியவர்கள் சுவருக்கு விலை ஏற்றினர், தெருவுக்கு விலை ஏற்றினர், குடிக்கூலியை ஏற்றினர். அவ்வூரார் வாயில் வழங்கும் மொழிக்குமட்டும் விலை இறங்கிவிட்டது. அவர் கெட்டவர் அல்லர். அங்காடியின் நிறைகோல் என்ன சொல்கின்றதோ அதனைச் சொன்னார்.

அந்த வெள்ளை ஊர்தான் யாருடையது? அதனையும் சற்றுப் பார்ப்போம். சதுரங்கக் கட்டம்போல் தெருக்கள் நேர்நேராக ஓடும் அமைப்பைப் பிரெஞ்சியர் திறம் என்று வழிகாட்டிகள் புகழ்கின்றனர். 1693 முதல் 1699 வரை அவ்வூரைத் தம் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர் வரைந்த திட்டம் அது. பின்னர், 1761-இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டு வென்று, பிரெஞ்சுப் பகுதியை இடித்துத் தரைமட்டம் ஆக்கினர். இன்று நாம் காணும் மாளிகைகள் அதன்பின் எழுந்தவை. எழுப்பிய கைகள் எவை? கல்லும் செங்கல்லும் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, முட்டையின் வெண்கருவும் கலந்து கண்ணாடிபோல் மெழுகுவது தமிழ்க் கொத்தர் தொழில். உள்ளே குடியிருந்தவன் பெயர் தெருவுக்கு ஆயிற்று. கட்டியவன் பெயர் எதற்கும் ஆகவில்லை.

வாய்க்காலைக் கடந்து மேற்கே சென்றேன். அங்காடியை அடுத்துள்ள தெருவில் ஆனந்தரங்கர் மாளிகை நிற்கின்றது. 1709-இல் பிறந்து, தூய்ப்ளேயின் மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தலைவராகவும் விளங்கி, 1736 முதல் தம் இறுதிவரை நாட்குறிப்பு எழுதிவந்தவர் அவர். 1761 சனவரியில், ஊர் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்னர் மறைந்தார். பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவையில் அரிசி என்ன விலை விற்றது, ஆளுநன் மனைவி யாரை மிரட்டினாள், எந்தக் கப்பல் எந்நாளில் வந்தது என்பனவெல்லாம் அதில் உள. அவர் நடை நம்போன்றார்க்குத் தலைவலிதான். உருதுவும் வடசொல்லும் போர்த்துக்கீசியமும் வரிக்கு வரி இடறும். இருப்பினும், அது தமிழ். பிரெஞ்சுப் புதுவையின் வாழ்வை உள்ளவாறு காட்டும் தலைசிறந்த ஆவணம் தமிழில் எழுதப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 மடலங்களாக வெளிவந்தது. தமிழ்மூலம் தொடர்ந்து அச்சேறியதோ அதற்குப் பின்னரே! கிழக்கே இருநூறு பேர் நின்று வெற்றுச் சுவரோடு நிழற்படம் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் காலைப்பொழுதில், இம்மாளிகையின் முன்னர் நான் ஒருவனே நின்றேன்.

நல்லதைச் சொல்லாமல் விடுதல் நடுவுநிலை ஆகாது. வைசியாள் வீதி என்று ஒரு தெரு. (பெயரைப் பாருங்கள், வணிகர் தெரு என்றால் வாய் வலிக்குமா?) கால்வே சுப்பராயச் செட்டித் தெரு என்பதும் அதற்குப் பெயர். 2002-க்கும் 2004-க்கும் இடையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, மரபுக் கட்டடங்களைப் பேணும் இன்டாக் அமைப்பினர் அத்தெருவின் வீட்டு முகப்புகளை முன்பிருந்தவாறு மீட்டெடுத்தனர். திண்ணையும், தெருவைத் தழுவும் தாழ்வாரமும், மரத்தூண்களும் மீண்டன. 2008-இல் யுனெசுகோ பாராட்டு விருதும் வந்தது. விருது பெற்றது தமிழர் தெரு, தமிழர் வீடு, தமிழர் திண்ணை. வெள்ளை ஊரில் இல்லாத ஒன்று அங்கே உண்டு. வெள்ளையர் வீட்டுக்கு உயர்ந்த மதில். தமிழர் வீட்டுக்குத் திண்ணை. மதில் வழிப்போக்கனைத் தள்ளி நிறுத்துவது. திண்ணை அவனை உட்கார வைப்பது. இவ்வளவு பெரிய வேற்றுமையைச் சொல்லி விளக்க அங்கே ஒரு தமிழ்ப்பலகையும் என் கண்ணிற் படவில்லை.

அத்தெருவுக்கு அப்பால் வேறொரு தெருவில் ஒரு திண்ணையில் மூதாட்டியார் ஒருவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரலாமா என்றேன். “அதுக்குத்தானே கட்டி வச்சிருக்கு, உக்காருங்க” என்றார். எதிர்ச்சாரியில் மூன்று வீடு இடித்து அடுக்குமாடி எழும்பியிருந்தது. பக்கத்து வீடு விடுதியாகிவிட்டது. அதற்குப் பிரெஞ்சுப் பெயர். முற்றம், ஊஞ்சல், தூண் எல்லாம் அப்படியே இருக்கின்றனவாம். “அங்க ஒரு ராத்திரி தங்கற காசுல எங்க வீட்டுல ஒரு மாசம் பொழுது போகும்” என்றார். பின்னர், “எங்க வீட்டையும் கேட்டாங்க. பிள்ளைங்க கொடுத்துடலாங்குது” என்று சொல்லி, முறத்தைத் தட்டினார். அடுத்து என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தேன்.

தமிழர் வீட்டுக்குப் பணம் இல்லை என்பர். கடற்கரையில் நகரமன்றக் கட்டடம் ஒன்று உண்டு, பிரெஞ்சியர் காலத்தது. 2014 நவம்பர் 29-இல் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கியின் உதவி பெற்று, பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி, 2021-இல் திறந்தனர். ஆகவே பணம் உண்டு, கைத்திறம் உண்டு, விழுந்ததை எழுப்பும் உறுதியும் உண்டு. எதை எழுப்புவது என்று தெரிந்தெடுப்பதில்தான் அடிமைப்புத்தி கண்விழிக்கின்றது.

பெருமாள் கோயில் தெருவில் பாவேந்தர் வாழ்ந்த இல்லம் நினைவில்லமாக உள்ளது. வாயிலில் செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். 1891 முதல் 1964 வரை வாழ்ந்த அப்பெருமகனார் பிரெஞ்சு ஆட்சியின் பள்ளிகளில் 37 ஆண்டு தமிழ் பயிற்றினார். அயலவன் சம்பளம் கொடுத்தான்; இவர் தமிழ் கொடுத்தார். அந்த ஆட்சியின் கீழிருந்து அவரால் தமிழுக்கு உயிர் கொடுக்க முடிந்தது. இன்று தமிழன் ஆட்சி. 1965-இலேயே ஆட்சிமொழிச் சட்டம் இயற்றித் தமிழை ஆட்சிமொழி என்று எழுதிவைத்தாயிற்று. 2006-இல் ஊர்ப்பெயரும் புதுச்சேரி என்று திருந்திற்று. ஆனால், பாவேந்தர் பயிற்றிய மண்ணின் அரசுப் பள்ளிகள் 2023–24 கல்வியாண்டில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைக் கைவிட்டு நடுவண் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. கணக்கும் அறிவியலும் வரலாறும் ஆங்கிலத்தில். தமிழ் ஒரு பாடம்மட்டும். முப்பதாண்டுக்கு அணிமையாக வகுப்பறையில் நின்றவன் நான். ஒரு பாடமாக ஒடுங்கிய மொழி என்னாகும் என்று எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. அது தேர்வன்று காலையில் படிக்கும் பொருளாகும். தேர்வன்று மாலையில் மறக்கும் பொருளாகும்.

2025 மார்ச்சில் புதுவை முதலமைச்சர், கடைப்பெயர்ப்பலகைகள் தமிழில் இருத்தல் கட்டாயம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கின்றேன். அறிவிப்புக்குப் பின்னரே நான் சென்றேன். கண்டதை மேலே எழுதியுள்ளேன்.

இனி, “வருகின்றவன் வெளிநாட்டான், அவனுக்குத் தமிழ் தெரியாது, பலகையில் தமிழ் எதற்கு?” என்று ஒரு வினா வரும். எம் கம்பத்துக் கடைக்காரரும் இதனையே கேட்டார். அவர்க்கு நான் சொன்ன விடை இது. நீங்கள் வாய்பிளந்து பார்க்கும் அப்பிரெஞ்சியன் தன் நாட்டில் என்ன செய்கின்றான்? 1994-இல் ஒரு சட்டம் செய்தான். துபோன் என்னும் அமைச்சர் கொணர்ந்தமையால் அவர் பெயராலேயே வழங்கும் சட்டம். விளம்பரம், பொதுவிடத்து அறிவிப்பு, பொருளின்மேல் ஒட்டும் குறிப்பு, பணியொப்பந்தம் ஆகியவற்றில் பிரெஞ்சு இருந்தே தீரவேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். ஆண்டுதோறும் கோடிக்கணக்கான வெளிநாட்டார் சென்று குவியும் நாடு அது! பலகையில் பிரெஞ்சு இருப்பதால் ஒருவனாவது திரும்பிப் போனானா? கனடாவில் கியூபெக்கு மாநிலத்தில் வாழும் பிரெஞ்சியர், ஆங்கிலக் கடலின் நடுவே தீவுபோல் கிடப்பவர். 1977-இல் பிரெஞ்சுமொழிப் பட்டயம் என்னும் சட்டம் இயற்றிக் கடைப்பலகையில் பிரெஞ்சே இருக்கவேண்டும் என்றனர். வழக்குமன்றம் குறுக்கிட்டபின், 1993-இல், பிறமொழியும் இருக்கலாம், ஆனால் பிரெஞ்சே மேலோங்கித் தோன்றவேண்டும் என்று திருத்திக்கொண்டனர். பிரெஞ்சியனிடமிருந்து நாம் கற்க ஒன்று உண்டென்றால் இஃதன்றோ! அவன் குளம்பிக் கடையையும் மஞ்சள் சுவரையும் கற்றுக்கொண்டோம். மொழிமானத்தை அவனிடமே விட்டுவிட்டோம். பிரெஞ்சைப் புதுவையில் போற்றுகின்றவன், பிரெஞ்சியனைப் போல் ஒருநாளாவது நடந்துகாட்டட்டும்.

கம்பத்துக்கு வருவோம். கம்பத்தைப் புதுக்கவேண்டுமா? வேண்டும், நானும் சேர்ந்து மண் சுமக்கின்றேன். ஆனால், எதைத் துலக்கப்போகின்றோம்?

எம் பள்ளத்தாக்கைப் பற்றி வெளியாருக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று முல்லைப் பெரியாற்று அணை, மற்றொன்று கொடிமுந்திரி. 1895-இல் அணையை முடித்து மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுயிக்கை நாங்கள் மறவோம். அந்நீரைக் குடித்தே வளர்ந்தேன். பிள்ளைக்கு அவர் பெயரிட்ட வீடுகள் எம் ஊர்களில் உண்டு. 2013 சனவரியில் மலையடிவாரத்தில் அவர்க்கு நினைவு மண்டபம் திறந்தனர். 2022-இல் இங்கிலாந்தில் அவர் மறைந்த கேம்பர்லி நகரில் தமிழ்நாட்டரசின் சார்பில் சிலையும் நாட்டினர். தகும். ஆனால் அம்மண்டபம் நிற்கும் ஊருக்கு இன்றும் பேருந்துப் பலகையில் ‘லோயர் கேம்ப்’ என்றே பெயர். அணை கட்டிய வேலையாட்கள் கூடாரமடித்த இடம். அணை எழுந்து நூற்றாண்டு கடந்தும், அவ்விடத்துக்கு ஒரு தமிழ்ப்பெயர் பேருந்துப் பலகை ஏறவில்லை. அணை கட்டும்போது காய்ச்சலிலும் வெள்ளத்திலும் மாண்ட தமிழ்க் கூலியாட்கள் எத்தனை பேர் என்று எம் மாணவரிடம் கேட்டால் விழிப்பர். புதுவையில் கட்டியவன் பெயர் மறைந்ததுபோல் இங்கும்.

அம்மண்டபத்தினின்று அண்ணாந்து பார்க்கும் மலைத்தொடரின்மேல் கண்ணகி கோட்டம் கிடக்கின்றது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் சிலப்பதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணகி நடந்த வழியே ஊர் ஊராக நடந்து வந்து, 1963-இல் இதுவே அக்கோட்டம் என்று உலகுக்குக் காட்டினார். கல் பெயர்ந்து, கூரை சரிந்து, செடி முளைத்துக் கிடக்கின்றது அது. எல்லைத் தகராறு. இரு மாநிலத்தாரும் கூடிப் பேசி ஆண்டுக்கு ஒருநாள், சித்திரை முழுநிலா நாளில்மட்டும், பகற்பொழுதில் மக்களை விடுகின்றனர். நம் பக்கத்தில் பளியன்குடியிலிருந்து காட்டுவழியே நடந்துதான் ஏறவேண்டும். குமுளி வழியே போனால் ஊர்தி உண்டு. இளங்கோவடிகள் காப்பியத்தின் முடிவிடம் எங்கள் தலைக்குமேல் இருக்கின்றது. அதனைக் கம்பத்தில் வந்து இறங்கும் ஒருவனுக்குச் சொல்ல, பேருந்து நிலையத்தில் ஒரு பலகை உண்டா என்று பாருங்கள்.

இன்னும் சொல்கின்றேன், சொல்லச் சொல்ல எனக்கே வியப்பு அடங்குவதில்லை. 2006-இல் எம் தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டிப் பக்கத்தில் புலிமான்கோம்பை என்னும் சிற்றூரில் நடுகற்கள் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்தவை. பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்களில் அவற்றினும் முந்தியவை அறியப்படவில்லை. கிறித்துவுக்கு முன் நான்காம் மூன்றாம் நூற்றாண்டின என்று கண்டெடுத்தோர் மதிப்பிட்டனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் வீழ்ந்த மறவன் ஒருவனுக்கு எடுத்த கல். ஆகோள் என்பது தொல்காப்பியர் வெட்சித்திணையில் ஆண்ட சொல்! நூலில் படித்த சொல் எம் மண்ணில் கல்லாகக் கிடந்தது. அக்கூடலூர், கம்பத்தையடுத்த எங்கள் கூடலூரே என்று கருதுவோரும் உளர். சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடு, மதுரையில் தமிழ்க்கழகம் வைத்ததையும் பாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர் பெருமையாகப் பேசுகின்றது. உத்தமபாளையத்துத் திருக்குணகிரிப் பாறையில் சமண உருவங்களும் வட்டெழுத்தும் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. ஆயிரமாண்டும் ஈராயிரமாண்டும் கடந்து கல்லிலும் செம்பிலும் தமிழ் எழுதிவைத்த பள்ளத்தாக்கு இது. அவ்வெழுத்தின்கீழ் வாழும் நாம், நெகிழித் தட்டியில் ஆங்கிலம் எழுதிக் கடைமேல் தொங்கவிட்டிருக்கின்றோம்.

புதுவைக்காரர்க்காவது ஒரு சாக்கு உண்டு. அவரை இருநூறாண்டுக்குமேல் பிரெஞ்சியன் ஆண்டான். கம்பத்துக் கடைக்காரர்க்கு என்ன சாக்கு? தமிழ்நாட்டுக் கடைகள் நிறுவனங்கள் விதிகளின்படி, பலகையில் தமிழ் முதலில் வரவேண்டும். தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்னும் அளவில் அமையவேண்டும். பெரியதொரு புரட்சி தேவையில்லை. இருக்கும் விதியைப் படித்தாற் போதும். எம் பக்கத்துப் பன்னீர்க் கொடிமுந்திரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று நம் ஊர்ப்பெயர் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் ஏறிற்று. கொடிமுந்திரி என்று பதிந்திருக்கலாமே என்று நான் சொன்னபோது நண்பர்கள் நகைத்தனர், நகைக்கட்டும். ஆனால், அட்டைப்பெட்டிமேல் ஊர்ப்பெயரைத் தமிழெழுத்தில் அச்சிடுவதற்குமா நகைப்பு? தூய தமிழ் வேண்டாம், அழுக்குத் தமிழாவது இருக்கட்டுமே!

என்மேலும் ஒரு குற்றம் உண்டு, சொல்லிவிடுகின்றேன். என் வீட்டு வாயிலில் பத்தொன்பதாண்டாகத் தொங்கிய பெயர்ப்பலகையில் என் பெயர் தமிழிலும் பட்டங்கள் ஆங்கில எழுத்திலும் இருந்தன. புதுவையிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதுதான் அது கண்ணில் தைத்தது. ஊரார் பலகையை எண்ணிக்கொண்டு இரண்டு நாள் அலைந்த எனக்கு என் பலகை தெரியவில்லை! அன்றே கழற்றினேன். ‘தமிழாசிரியர்’ என்று ஒரு சொல்மட்டும் எழுதி மாட்டியிருக்கின்றேன்.

என்னை அனுப்பிவைத்த கடைக்காரரிடம் இவையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. வேலப்பர் கோயில் தெருவில் அடுமனை வைத்திருப்பவர் அவர்; பலகை முழுதும் ஆங்கிலம். பொறுமையாகக் கேட்டார். இடையிடையே வந்தவர்க்கு ரொட்டி கட்டிக் கொடுத்தார். பண்டங்கள் எல்லாம் தமிழில்தான் விலைபோயின. ஒருவரும் விலை குறைத்துக் கேட்டிலர். இறுதியில், “ஐயா சொல்வது சரி. ஆனால் இருபது ஆண்டாக இந்தப் பெயரிலேயே பழகிவிட்டார்கள். மாற்றினால் ஆள் வருமா?” என்றார். “தெருவில் போகின்ற யாரையாவது நிறுத்தி, உங்கள் கடைப்பெயரைக் கேளுங்கள்” என்றேன். மிதிவண்டியில் வந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் பலகையை அண்ணாந்துகூடப் பாராமல், “நீங்க பெரியவர் கடைதானே” என்றான்.

அவர் தந்தையார் வைத்த கடை அது. பெரியவர் அடுமனை என்று எழுதித் தரும்படி என்னிடம் தாள் கொடுத்தார். எழுதிக் கொடுத்திருக்கின்றேன். ஓவியர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியுள்ளார். நம் அன்பர்கள் கம்பம் வழியாக வரும்போது அத்தெருவில் இறங்கிப் பார்க்கலாம். சித்திரை முழுநிலாவுக்கு வருகின்றவர்கள் முன்னாள் இரவே எம் இல்லத்துக்கு வந்து தங்கலாம். விடியுமுன் பளியன்குடிக்கு அழைத்துச் செல்கின்றேன். நடக்கும் செருப்பும் குடிநீரும் கொண்டுவருக.